நூலகப் பட்டியலில் நம் வரலாறு

ஒரு சமுதாயம் தன் வரலாற்றை எழுத முற்படுமாயின், அதற்கு முதற்கண் வேண்டுவன சான்றுகள். அச்சான்றுகளுட் பல நூலகங்களில் உள்ளன. ஆயினும் நூல் நூலகத்தில் இருப்பது வேறு. தேடுவார் கைக்கு அது கிட்டுவது வேறு. இவ்விரண்டிற்கும் இடையே நிற்பது நூற்பட்டியல். எப்பெயரில், எத்தலைப்பில், எவ்வாண்டின்கீழ் ஒரு நூல் பதியப்பட்டது என்பதைப் பொறுத்தே அது பிற்காலத்தாருக்குப் பயன்படும். இவ்வுண்மையைப் பஞ்சாங்கம், அடியார் சரிதம் ஆகிய இருவகை நூல்களைக் கொண்டு ஈண்டுக் காண்போம். வள்ளுவர் பெருமக்கள் வழிவழியாக நாள் கணித்துப் பலன் சொல்லி வந்தவர்கள். நந்தனார் சிதம்பரத்தோடு பிணைந்தவர். ஆகவே இவ்விரண்டும் நமக்கு அயலானவை அல்ல.

நம் கடற்கரைப் பகுதியில் நூற்பட்டியற் பணி மிகப் பழமையானது. பரங்கிப்பேட்டைக்குத் தெற்கே தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு, தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு 1708இல் விளக்கப் பட்டியல் எழுதினார். 1865இல் ஜான் மர்டாக் என்பார், அச்சேறிய தமிழ் நூல்களைப் பொருள்வாரியாகப் பகுத்துச் சென்னையில் ஒரு பட்டியல் வெளியிட்டார். 1867ஆம் ஆண்டின் 25ஆம் சட்டம் அச்சாகும் நூல்களைப் பதிவு செய்ய வேண்டுமென விதித்தது. அதன்படி மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பட்டியல்கள் வெளிவந்தன. இலண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் அன்றிருந்த தமிழ் நூல்களின் பட்டியலைப் பார்னெட், போப் ஆகிய இருவரும் ஆக்க, அது 1909இல் வெளியாயிற்று. இவர்தம் உழைப்பிற்குத் தமிழுலகம் கடமைப்பட்டுள்ளது. எனினும் இவர்கள் வகுத்த தலைப்புகள் நம் தேவையை எண்ணி வகுக்கப்பட்டவை அல்ல.

முதலில் பஞ்சாங்கத்தை எடுத்துக்கொள்வோம். பழைய பஞ்சாங்கங்களின் முகப்பில் பிரபவ, விபவ என்றாற்போல ஆண்டின் பெயர் காணப்படும். இப்பெயர்கள் அறுபது, அறுபது ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் வருவன. 'பிரபவ ஆண்டுப் பஞ்சாங்கம்' என்று மட்டும் பதிந்தால், அது 1867இல் தொடங்கியதா, 1927இல் தொடங்கியதா, 1987இல் தொடங்கியதா என்று விளங்காது. கலியாண்டோ சாலிவாகன சகாப்தமோ குறிக்கப்பட்டிருந்தால் ஐயம் நீங்கும். கலியாண்டில் 3101ஐக் கழித்தாலும், சகாப்தத்தில் 78ஐக் கூட்டினாலும், அந்தச் சித்திரையில் நடந்த ஆங்கில ஆண்டு கிடைக்கும். கலி 4968, சகாப்தம் 1789 என்றிருப்பின் அது 1867ஆம் ஆண்டுப் பஞ்சாங்கமே.

அடுத்தது, அதை எங்கே வைப்பது என்னும் வினா. பிரிட்டிஷ் மியூசியத்தார் பஞ்சாங்கங்களை எல்லாம் ஒரே பொதுத் தலைப்பின்கீழ் அடக்கினர். ஆகவே கணித்தவர் பெயரை மட்டும் அறிந்தவன் அவற்றை எளிதில் அடைய இயலாது. 1876இல் வெளியான டூயி பகுப்பு முறையிலோ வானியற் கணிதம் 528, காலக் கணக்கு 529, சோதிடம் 133.5 என மூன்று இடங்கள் உள்ளன. பஞ்சாங்கம் இம்மூன்றுக்கும் உரியது. நூலகரின் கருத்திற்கேற்ப எங்கும் செல்லக்கூடும். ஆண்டு முடிந்தபின் எதற்கு என்று எறியப்படுவதும் உண்டு. ஆனால் பிறப்பு, இறப்பு, கடன், விதைப்பு ஆகியவற்றைப் பஞ்சாங்கத்தின் ஓரத்தில் குறித்து வைப்பது மக்கள் வழக்கம். பிறப்பு இறப்புப் பதிவை நாடு முழுவதும் கட்டாயமாக்கிய சட்டம் வந்தது 1969இல்தான். அதற்கு முன் பிறந்த எத்தனையோ ஏழை மக்களுக்கு அந்த ஓரக் குறிப்பே ஆவணமாகும்.

இனி அடியார் சரிதம். சேக்கிழார் பெரியபுராணத்தில் திருநாளைப்போவாரின் வாழ்வைப் பாடினார். அவர் ஊர் ஆதனூர். கோபாலகிருஷ்ண பாரதியார் 1860களின் தொடக்கத்தில் அச்சேறிய தம் கீர்த்தனையில், பெரியபுராணத்தில் இல்லாத வேதியர் ஒருவரை நந்தனாரின் ஆண்டையாகப் படைத்தார். அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) நந்தனைப் பௌத்த அரசனாகக் கொண்டு வேறொரு வரலாறு உரைத்தார். 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் கல்விப்பணி தொடங்கிய சுவாமி சகஜானந்தர், அப்பெயரையே நம் மக்கள் உயர்வுக்குரிய கொடியாக ஏந்தினார். பெயர் ஒன்று, வரலாறுகள் பல. டூயி முறையிலோ பெரியபுராணம் தமிழிலக்கியத்திற்குரிய 894.811இலும், கீர்த்தனை இசைக்குரிய 780 வரிசையிலும், நாயனார் சரிதம் இந்து சமயத்திற்குரிய 294.5இலும், பண்டிதர் நூல் பௌத்தத்திற்குரிய 294.3இலும் அமரக்கூடும். 'நந்தனார்' என்னும் பொருள் தலைப்பு இல்லையேல், ஒன்றைக் கண்ட மாணவன் மற்றவை உள்ளன என்பதையே அறியான். ஆண்டையின் கதையே முழு வரலாறென்று நம்பி மீள்வான். இழப்பு இங்கேதான் நேர்கிறது.

பெயர் மாற்றமும் இத்தகையதே. திருநாளைப்போவார், நந்தன், நந்தனார் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சுட்ட வேண்டும். நம் மக்களையும் காலந்தோறும் பறையர், பஞ்சமர், ஆதிதிராவிடர், அரிசனர், தாழ்த்தப்பட்டோர், தலித் எனப் பல பெயர்களால் பட்டியல்கள் பதிந்துள்ளன. 1922இல் 'ஆதிதிராவிடர்' என்னும் பெயரை அரசு ஏற்றது. அதற்கு முந்திய ஏடுகளை அப்பெயரில் மட்டும் தேடினால் போதாது. நம் ஊரே பரங்கிப்பேட்டை, போர்ட்டோ நோவோ, மகமூது பந்தர் என மும்முகம் கொண்டது. மாவட்டமும் 1993இல் பிரிக்கப்படும் வரை தென்னாற்காடாகவே இருந்தது.

நூலக அறிஞர் அரங்கநாதன் பிறந்த சீகாழி நமக்கு அண்மையிலுள்ளதே. ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய நூல் கிட்ட வேண்டும் என்பதை அவர் 1931இலேயே நூலகத்தின் விதியாக வகுத்தார். இன்று பட்டியல்கள் கணினியில் ஏறிவிட்டன. ஆனால் பதியப்படாத பெயரைக் கணினியும் காட்டாது.

ஆகவே நம் இளைஞர்கள் செய்யத்தக்கவை சில உள. தேடும்போது ஒரு பெயரோடு நில்லாது எல்லாப் பெயர்களாலும் தேடுக. பட்டியலில் பிழையோ குறையோ கண்டால் நூலகருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க. பெரியோர் வீட்டுப் பரண்களிலுள்ள பஞ்சாங்கங்களையும் சரித நூல்களையும் கறையானுக்கு விடாது திரட்டுக. ஒவ்வொன்றிற்கும் ஓர் அட்டை எழுதி, நூற்பெயர், ஆக்கியோன் அல்லது கணித்தவர், அச்சகம், ஊர், தமிழாண்டு, ஆங்கில ஆண்டு, ஓரக் குறிப்புகள் ஆகியவற்றைப் பதிக. கால் நூற்றாண்டு கல்விப்பணி ஆற்றிய நம் சங்கம் இதனைத் தன் அடுத்த பணியாக ஏற்குமாயின், நம் வரலாற்றைப் பிறர் வைத்த தலைப்பில் தேடும் நிலை மாறி, நாமே பெயரிட்டு வழங்கும் காலம் வரும்.