திருநெல்வேலித் திருச்சபையில் நம்மவர் கண்ட உறவு



ஒரு கூட்டத்தின் ஏட்டிலே பெயர் பதியப்பெறுதல் வேறு; அக்கூட்டத்தை எம்முடையது என்று ஒருவன் நெஞ்சாரச் சொல்லுதல் வேறு. முன்னது ஒரு நாளிலே முடியும்; பின்னதற்குத் தலைமுறைகள் வேண்டும். இவ்வேறுபாட்டினை நாடார் குலத்தாருள் கிறிஸ்து சமயம் தழுவினோர் வரலாறு நன்கு விளக்குகின்றது. சமயத்தால் வேறுபடினும் குருதியால் நம்மோடு ஒன்றியவராதலின், அவர் வரலாறு நாம் அனைவரும் அறியத்தக்கதாம்.

1780ஆம் ஆண்டிலே பாளையங்கோட்டைச் சபையின் பதிவேட்டில் இருந்த பெயர்கள் 40 மாத்திரமே. குளோரிந்தா என்னும் அந்தணக் கைம்பெண் முன்னின்று எடுப்பித்த கோயில் 1785இல் முற்றுப்பெற்றது. பின்னர்த் தெற்கே, தேரி மணல் பரந்த பனைநாட்டிலே நம்மவர் அச்சமயம் புகுந்தனர். புகுந்தோருட் பலர் ஊராரால் ஒறுக்கப்பட்டு, இருக்க இடமின்றி வருந்தினர். அவர்பொருட்டுத் தாவீது சுந்தரானந்தம் என்னும் உபதேசியார் 1799இல் நிலம் பெற்று ஓர் ஊர் அமைத்தார், அதுவே முதலூர். 1820இல் பாளையங்கோட்டை வந்த இரேனியுஸ் ஐயர், 1830இல் தரும சங்கம் நிறுவி, இத்தகைய அடைக்கல ஊர்கள் பல தோன்ற வழிசெய்தார். ஆகவே, சபை என்பது அம்மக்களுக்கு முதற்கண் அச்சமின்றி உறங்குவதற்கு ஓர் இடமாயிற்று.

ஆயினும், அடைக்கலம் பெற்றவன் விருந்தினனே, வீட்டுக்குரியவன் ஆகான். அவனை உரியவனாக்கியது அவன் கொடுத்த கொடையே. உலையில் அரிசி இடுமுன் இல்லாள் ஒரு பிடி எடுத்துத் தனிக்கலத்தில் இட்டு வைப்பாள்; அது சபைக்கு உரியது. பனைத்தொழிலாளி தன் கருப்பட்டியில் ஒரு பங்கினைக் காணிக்கையாகக் கொணர்வான். அசனப் பண்டிகையிலே அனைவரும் ஒருங்கிருந்து உண்பர். ஏழையும் ஒரு பிடி கொடுத்தவனாதலின், அப்பந்தியிலே நாணமின்றி அமர்ந்தான். நம் உறவின்முறையாரின் மகமையும் இவ்வியல்பிற்றே அன்றோ?

எனினும், பொருள் கொடுத்தும் மதிப்புப் பெறாதவிடத்து உறவு முறிந்தது. இடையன்குடியில் தொண்டாற்றிய கால்டுவெல் ஐயர் 1849இல் நம் குலத்தாரைப் பற்றி வெளியிட்ட ஆங்கில நூல், அவரை இழிவுபடுத்துவதாகப் பலர் உள்ளத்தைப் புண்படுத்தியது. கற்றறிந்த உபதேசியாராகிய அருமைநாயகம் சட்டாம்பிள்ளை என்பார் மிஷனரிமாரொடு மாறுபட்டு, 1857இல் நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தனிச்சபை கண்டார். சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்டது அச்சபை. அவர் கிறிஸ்துவைத் துறந்தாரல்லர். அயலார் தலைமையையே துறந்தார். தன்மானம் இழந்து எய்தும் உறவு உறவன்று என்பதே அப்பிரிவு உணர்த்திய பாடம்.

அப்பாடம் வீண்போகவில்லை. 1903இல் பாளையங்கோட்டையிலே இந்திய மிஷனெரி சங்கம் தோன்றிற்று. இந்நாட்டவர் பொருளால் இந்நாட்டவரே நடத்துவதென்பது அதன் கொள்கை. அதனை நிறுவியோருள் தலைசிறந்தவர் வெள்ளாளன்விளையிற் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா ஆவர். அவர் 1912இல் தோர்ணக்கல் அத்தியட்சராயினார். ஆங்கிலத் திருச்சபையில் அப்பதவி எய்திய முதல் இந்தியர் அவரே. 1945இல் மறையுங்காறும் அவர் தொண்டாற்றியது யாரிடத்து? நம் குலத்தாரிடத்தன்று, தெலுங்கு நாட்டிலே தீண்டாமையால் நலிந்த ஏழை மக்களிடத்து. அடைக்கலம் பெற்றோர் வழிவந்த ஒருவர் பிறர்க்கு அடைக்கலமாயினார்.

இவ்வரலாற்றிலிருந்து நம் சங்கத்தார் கொள்ளத்தக்கவை மூன்று. எளியவனுக்கு இடம் அளித்தல் ஒன்று. அவன் கொடுக்கும் சிறு கொடையையும் பெரிதாக மதித்து, கணக்கினை அவன் முன் வைத்து, அவன் சொல்லுக்குச் செவிசாய்த்தல் மற்றொன்று. இவ்விரண்டும் இன்றேல், சந்தா செலுத்துவோர் இருப்பர், சங்கம் இராது. மூன்றாவது, நம்மவர் என்னும் சொல்லை மதிற்சுவராக்காது வாயிலாக்குதல். பிறரை ஒதுக்கி வளரும் ஒற்றுமை, நாளடைவில் நம்முள் எளியாரையும் ஒதுக்கத் துணியும். ஒதுக்கப்பட்டதன் துன்பத்தை நம் முன்னோர் நன்கு அறிவர். அதனை நாம் பிறர்க்கு இழைத்தல் தகுமோ? சிந்திப்போமாக.