குத்தகை நெல்லும் யூனிட் ஈவும்

உத்தியோகத்தின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு வடக்கே வந்து குடியேறிய தமிழர் பலருக்கு முதல் தலைமுறையில் ஒரு பக்கபலம் இருந்தது. ஊரில் சிறிது நிலம் இருக்கும். குத்தகைதாரர் அதனை உழுது பயிரிடுவார். அறுவடை முடிந்ததும் குத்தகை நெல்லோ, நெல் விற்ற பணமோ வந்து சேரும். பம்பாய் மாட்டுங்காவிலும் டில்லி கரோல் பாக்கிலும் வாடகை வீட்டில் வாழ்ந்த குடும்பத்திற்கு அந்த வரவு பெரிய தொகையன்று. எனினும் மனத்திற்குப் பெரிய தைரியம். நாளடைவில் நிலம் கைமாறிற்று. சேமிப்பு, தபாலாபீஸ் பாஸ் புத்தகமாயிற்று, இன்ஷூரன்ஸ் பாலிசியாயிற்று, பிறகு யூனிட் பத்திரமாயிற்று. ஆண்டுதோறும் தபாலில் வந்த ஈவுத்தொகை வாரண்டு, குத்தகை நெல்லின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

அந்த யூனிட் திட்டம் எவ்வாறு பிறந்தது, எவ்வாறு வளர்ந்தது, ஏன் முடிவுற்றது என்பதை இங்கு ஆராய்வோம். ஈவுத்தொகையையே வருமானமாகக் கொண்டு வாழ நினைப்பவர் யாவரும் அறிய வேண்டிய வரலாறு அது.

பலருடைய சிறு பணத்தை ஒன்றாகத் திரட்டிப் பல இடங்களில் முதலீடு செய்து, வரும் பலனைப் பகிர்ந்தளிக்கும் முறை நம் காலத்துப் புதுமையன்று. 1774-ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரில் வான் கெட்விக் என்னும் வணிகர் அத்தகைய நிதி ஒன்றைத் தொடங்கினார். 'ஒற்றுமையே வலிமை' என்னும் பொருள்படும் டச்சுப் பெயரை அதற்குச் சூட்டினார். அந்நிய அரசுகளின் கடன் பத்திரங்களிலும் அமெரிக்கக் கரையிலிருந்த தோட்டங்களின் கடன்களிலும் பணம் போடப்பட்டது. ஆண்டுக்கு 4 சதவீதம் ஈவு தருவதாக அறிவிப்புக் கூறிற்று. 1780-இல் இங்கிலாந்துடன் மூண்ட யுத்தம் டச்சு வணிகத்தை முடக்கிய பின் அந்த ஈவும் பாதிக்கப்பட்டது. ஈவுத்தொகை நிதியின் பிறப்பிலேயே அதன் பலவீனமும் வெளிப்பட்டுவிட்டது எனலாம். பின்னர் 1868-இல் லண்டனில் இதே கருத்தில் ஒரு டிரஸ்ட் எழுந்தது. பெரும் பணக்காரருக்கு மட்டும் கிட்டி வந்த வசதியை நடுத்தரச் சேமிப்பாளருக்கும் அளிப்பதே அதன் நோக்கம்.

நம் நாட்டில் இத்தகைய ஏற்பாடு வேண்டும் என்று, 1954-இல் ஏ. டி. ஷராஃப் தலைமையில் இயங்கிய குழு எடுத்துக் கூறிற்று. கருத்து செயலாவதற்குப் பத்தாண்டுகள் ஆயின. அதனைச் செயலாக்கியவர் சென்னையைச் சேர்ந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரி. இதில் ஒரு விசித்திரம் உண்டு. அவர் முதன்முறை நிதி மந்திரியாக இருந்தபோது, புதிதாய் அமைந்த ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷன், ஹரிதாஸ் முந்த்ரா என்பவரின் கம்பெனிப் பங்குகளை 1957-இல் 1 கோடியே 20 லட்சம் ரூபாய்க்கும் மேல் கொடுத்து வாங்கிற்று. பெரோஸ் காந்தி இதனை லோக் சபையில் எழுப்பினார். நீதிபதி சாக்ளா விசாரித்தார். 1958-இல் கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். பொதுமக்களின் சேமிப்பும் பங்குச் சந்தையும் சந்திக்கும் இடம் எவ்வளவு வழுக்கலானது என்பதைத் தம் பதவியை இழந்தே அறிந்தவர் அவர். அவரே 1963-இல் மீண்டும் நிதி மந்திரியாகி, யூனிட் டிரஸ்ட் மசோதாவைப் பாராளுமன்றத்தில் நிறைவேற்றுவித்தார்.

சீனப் படையெடுப்பிற்குப் பின் சந்தை சோர்ந்து கிடந்த காலம் அது. தொழில்களுக்கு முதல் வேண்டும். சிறு சேமிப்பாளருக்குப் பங்குகளைத் தேர்ந்தெடுக்கும் ஆற்றலோ, நஷ்டத்தைத் தாங்கும் சக்தியோ இல்லை. இவ்விரு தேவைகளையும் ஒரே ஸ்தாபனம் நிறைவேற்றும் என்பது எண்ணம். ரிசர்வ் வங்கி, ஸ்டேட் வங்கி, ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷன் முதலியவை சேர்ந்து 5 கோடி ரூபாய் ஆரம்ப மூலதனம் அளித்தன. அதில் பாதி ரிசர்வ் வங்கியுடையது. 1964-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் டிரஸ்ட் அமைந்தது. ஜூலை 1-ஆம் தேதி யூனிட் விற்பனை தொடங்கிற்று. யூனிட் ஒன்றின் முகமதிப்பு 10 ரூபாய். முதலாண்டு ஈவு 6.1 சதவீதம்.

அது அடக்கமான தொடக்கம். நம்பிக்கை மெல்ல வேரூன்றிற்று. வருமானத்தில் 90 சதவீதத்திற்குக் குறையாமல் யூனிட்தாரர்களுக்குப் பகிர்ந்தளிக்க வேண்டும் என்பது சட்டம். வேண்டும்போது யூனிட்டை டிரஸ்டிடமே திருப்பி விற்றுப் பணம் பெறலாம். வருமான வரியிலும் சலுகை இருந்தது. ஓய்வு பெற்ற குமாஸ்தாவும் பள்ளி ஆசிரியரும் யூனிட்டை வங்கி டெபாசிட்டின் உடன்பிறப்பாகவே கருதினர். சர்க்கார் நடத்தும் ஸ்தாபனம், ஆகவே ஆபத்தில்லை என்று எண்ணினர். 1988-ஆம் ஆண்டு முடிவில் டிரஸ்டின் பொறுப்பிலிருந்த நிதி 6,700 கோடி ரூபாய். ஈவும் ஆண்டுக்கு ஆண்டு ஏறி, 1993-94-இல் 26 சதவீதத்தை எட்டிற்று.

இந்த இடத்தில் நாம் சற்று நின்று கணக்குப் பார்க்க வேண்டும். 26 சதவீதம் என்பது எதன்மேல்? முகமதிப்பான 10 ரூபாயின்மேல். யூனிட்டின் விற்பனை விலையோ முகமதிப்புக்கு மேலே சென்றிருந்தது. ஒருவர் யூனிட்டை 14 ரூபாய்க்கு வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். ஈவு 20 சதவீதம் என்றால் அவர் கைக்கு வருவது 2 ரூபாய். அவர் போட்ட பணத்தின்மேல் அது ஏறத்தாழ 14 சதவீதந்தான். அறிவிப்பில் காணும் எண் வேறு, பையில் விழும் எண் வேறு.

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. அந்த 14 ரூபாய் என்ற விலை எங்கிருந்து வந்தது? டிரஸ்ட் வைத்திருந்த பங்குகளையும் பத்திரங்களையும் அன்றைய சந்தை விலைக்குக் கணக்கிட்டு, யூனிட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பெற்ற விலையன்று அது. நிர்வாகமே நிர்ணயித்த விலை. யூனிட்டின் உண்மை மதிப்பு என்ன என்பதை யூனிட்தாரர் அறிய வழியில்லை. தொடக்கத்தில் நிதியின் பெரும்பகுதி நிலையான வட்டி தரும் பத்திரங்களில் இருந்தவரை இக்குறை வெளியே தெரியவில்லை. 1990-களில் உயர்ந்த ஈவைக் காப்பதற்காகப் பங்குகளில் போட்ட தொகை மிகுந்துகொண்டே போயிற்று. நிதியில் பாதிக்கும் மேல் பங்குச் சந்தையின் ஏற்றத் தாழ்வுக்கு உள்ளாயிற்று. ஆனால் யூனிட்டின் விலை மட்டும் மாதந்தோறும் ஒழுங்காக ஏறிற்று, ஈவும் உயர்ந்த நிலையிலேயே இருந்தது. விளைச்சல் குறைந்த ஆண்டிலும் குத்தகை நெல் குறையாமல் வந்தால், அது எந்தக் களஞ்சியத்திலிருந்து வருகிறது என்று கேட்க வேண்டாவா? அங்கு அளக்கப்பட்டது விதைநெல்.

1998-ஆம் ஆண்டு அக்டோபரில் உண்மை வெளிப்பட்டது. அவ்வாண்டு ஜூன் மாதக் கணக்கின்படி திட்டத்தின் காப்புநிதி கரைந்துபோனதோடு, 1,098 கோடி ரூபாய் பற்றாக்குறையும் இருந்தது. மக்கள் பணத்தைத் திரும்பப் பெற விரைந்தனர். தீபக் பாரேக் தலைமையில் குழு அமைந்தது. யூனிட்டின் விலையை மூன்றாண்டுகளுக்குள் உண்மை மதிப்போடு இணைக்க வேண்டும் என்று அக்குழு கூறிற்று. சர்க்காரும் உதவிக்கு வந்தது. ஈவு 20 சதவீதத்திலிருந்து 13.5 சதவீதத்திற்கு இறங்கிற்று. இதற்குள் பங்குச் சந்தையில் புதிய உற்சாகம் தோன்றவே, பாடம் மறந்துபோயிற்று. 2001 மார்ச்சில் சந்தை சரிந்தபோது ஆபத்து முழு உருவில் திரும்பி வந்தது.

அவ்வாண்டு ஏப்ரல், மே மாதங்களில் 4,000 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட யூனிட்டுகள் திருப்பி விற்கப்பட்டன. அவற்றுள் மிகப் பெரும்பகுதி கம்பெனிகளுடையவை. அவை 14 ரூபாய்க்கு மேற்பட்ட விலையில் வெளியேறின. ஒருவர் தம் பங்கின் உண்மை மதிப்புக்கு மேல் பெற்றுச் சென்றால், அந்த மிகுதி எஞ்சி நிற்பவரின் முதலிலிருந்தே போகவேண்டும். 2001 ஜூலை 2-ஆம் தேதி டிரஸ்ட், யூனிட் விற்பதையும் திரும்ப வாங்குவதையும் ஆறு மாதத்திற்கு நிறுத்தி வைத்தது. ஏறத்தாழ 2 கோடி யூனிட்தாரர்களின் பணம் கதவடைப்பில் சிக்கிற்று. மகள் கல்யாணத்திற்கென்றும் ஆஸ்பத்திரிச் செலவுக்கென்றும் யூனிட்டை நம்பியிருந்தவர்கள் அவர்களுள் எத்தனையோ பேர். 2002 ஜனவரியில் முதன்முறையாக உண்மை மதிப்பு அறிவிக்கப்பட்டபோது, அது 6 ரூபாய்க்கும் குறைவாக இருந்தது.

சர்க்கார் யூனிட்தாரர்களைக் கைவிடவில்லை. 5,000 யூனிட் வரை வைத்திருந்தவர்களுக்கு யூனிட் ஒன்றுக்கு 12 ரூபாயும், அதற்கு மேற்பட்டவற்றிற்கு 10 ரூபாயும் கிடைக்க உறுதி அளித்தது. 2002-இல் இயற்றிய சட்டத்தால் யூனிட் டிரஸ்ட் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. 2003 மே மாத முடிவில் 1964-ஆம் ஆண்டுத் திட்டம் நிறைவுற்றது. பணமாகப் பெற விரும்பாதவர்களுக்கு 6.75 சதவீத வட்டியில் வரி விலக்குள்ள ஐந்தாண்டுப் பத்திரங்கள் வழங்கப்பட்டன. அதே ஆண்டிலிருந்து சந்தை ஏறத் தொடங்கிற்று. பிரிவினையின்போது சர்க்கார் பொறுப்பில் நின்ற பங்குகள் பிற்காலத்தில் பன்மடங்கு மதிப்புப் பெற்றன. ஆகவே நஷ்டத்திற்குக் காரணம் பங்குகள் மட்டுமல்ல. என்ன விலை, எவ்வளவு ஈவு என்பதை உண்மைக் கணக்கிலிருந்து பிரித்துவிட்டதே மூல காரணம்.

இன்று நிலைமை பெரிதும் திருந்தியுள்ளது. ஒவ்வொரு நிதியின் யூனிட் மதிப்பும் வேலை நாள்தோறும் வெளியிடப்படுகிறது. நிதி நிறுவனம் ஈவு வழங்கினால், வழங்கிய அளவுக்கு யூனிட்டின் மதிப்பு அன்றே குறைகிறது. 50 ரூபாய் மதிப்புள்ள யூனிட்டில் 3 ரூபாய் ஈவு தந்தால், கையில் 3 ரூபாயும் கணக்கில் 47 ரூபாயும் நிற்கும். புதிதாக ஒன்றும் விளைந்துவிடவில்லை. இதனை மக்கள் உணர வேண்டும் என்பதற்காகவே, பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஸ்தாபனமான செபி, 'ஈவுத்தொகை' என்ற பெயரையே 2021 ஏப்ரல் முதல் நீக்கியது. 'வருமானப் பகிர்வும் முதல் மீட்பும்' என்னும் பொருள்பட்ட நீண்ட பெயரை இடச் செய்தது. 2020 ஏப்ரல் முதல் இந்த ஈவு பெறுபவரின் வருமானத்தோடு சேர்க்கப்பட்டு, அவரவர் விகிதப்படி வரிக்கு உட்படுகிறது.

ஆகவே உயர்ந்த ஈவு என்ற விளம்பரத்தைக் காணும்போது மூன்று கேள்விகள் கேட்பது நலம். இந்தச் சதவீதம் முகமதிப்பின்மேலா, நாம் கொடுக்கும் விலையின்மேலா? இது நிதி ஈட்டிய வட்டியும் லாபமுமா, நம் முதலின் ஒரு பகுதியா? ஈவைப் பெற்ற பிறகு எஞ்சி நிற்கும் மதிப்பு, விலைவாசி ஏற்றத்தை ஈடுகட்டி வளர்கிறதா, தேய்கிறதா?

பழைய நாளில் ஊரிலிருந்து குத்தகைக் கடிதம் வந்தால், நம் முன்னோர் மூட்டைக் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்ததில்லை. மழை பெய்ததா, வாய்க்காலில் தண்ணீர் வந்ததா, விதைக்கு நெல் எடுத்து வைத்தாயிற்றா என்று பதில் எழுதிக் கேட்டார்கள். தூரத்தில் இருந்ததாலேயே கூர்ந்து கேட்டார்கள். நிலம் பத்திரமாக மாறிய பின்னும் அந்த வழக்கத்தை நாம் விட்டுவிடலாகாது.