பெரிய நம்பர் சிமெண்ட்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் என் பழைய மாணவன் வீடு கட்ட ஆரம்பித்திருக்கிறான். "சார், எல்லா வேலைக்கும் 53 கிரேடே வாங்கிடட்டுமா? அதுதானே ஒசத்தி?" என்று போன் செய்தான். 1998ல் நானும் அப்படித்தான் நினைத்தேன். அதனால் இந்தப் பதிவு.

நம் முன்னோர் சுவர் எழுப்பியது சுண்ணாம்பில். நாம் இன்று வாங்கும் போர்ட்லண்ட் சிமெண்டுக்கு 1824ல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் முதல் முயற்சி நம் சென்னையில்தான், 1904ல், கடற்சிப்பியை வைத்து. அது நிலைக்கவில்லை. 1914ல் போர்பந்தரில்தான் தொழில் காலூன்றியது. பிறகு மதுக்கரை, டால்மியாபுரம், 1949ல் தாழையூத்து என்று தமிழ்நாட்டிலும் ஆலைகள் வந்தன.

ஆனாலும் தட்டுப்பாடு தீரவில்லை. நான் பள்ளியில் படித்த காலத்தில், மாதனூரில் வீடு கட்ட வேண்டுமென்றால் முதலில் சிமெண்டுக்குப் பெர்மிட் வாங்க வேண்டும். அப்பா சுவரைச் சுண்ணாம்பில் கட்டிவிட்டு, கிடைத்த மூட்டைகளைத் தளத்துக்கு வைத்துக்கொண்டார். 1982ல் கட்டுப்பாடு பாதி தளர்ந்தது, 1989ல் முழுவதும் போனது. ஏறக்குறைய அதே காலத்தில்தான் 33, 43, 53 என்ற கிரேடுகளும் வந்தன. கிடைத்ததை வாங்கிய நமக்குத் தேர்ந்தெடுக்கும் வேலையும் சேர்ந்தது.

அந்த எண் மார்க் இல்லை. ஒரு பங்கு சிமெண்டும் மூன்று பங்கு மணலும் கலந்து செய்த சிறு கட்டி, 28 நாள் கழித்து ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை நியூட்டன் அழுத்தம் தாங்குகிறது என்பதுதான் அது. தூண், பீம், பெரிய தளம் போன்றவற்றுக்கு அந்தப் பலம் வேண்டும். செங்கல் கட்டுக்கு ஆறு பங்கு மணல் போடுகிறோம். அங்கே அவ்வளவு பலத்துக்கு வேலை இல்லை. 53 சீக்கிரம் பலமேறும், சூடும் அதிகம் கக்கும். தண்ணீர் காட்டுவது குறைந்தால் பூச்சு வெடிக்கும். அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த பிபிசி நிதானமாக இறுகும், சூடு குறைவு. கட்டு வேலைக்கும் பூச்சுக்கும் அதுவே போதும், இல்லையென்றால் 43. ஆனால் பிபிசிக்குப் பத்து நாளாவது தண்ணீர் ஊற்ற வேண்டும்.

நம் பாலாற்றுப் பக்கம் இன்னொன்றும் உண்டு. தோல் கழிவால் பல கிணறுகள் உப்பாகிவிட்டன. அந்தத் தண்ணீரில் கலந்தால் எந்தக் கிரேடும் கம்பியைத் துருவிலிருந்து காப்பாற்றாது. நல்ல தண்ணீர் வாங்கிக் கலக்குங்கள். மூட்டையில் அச்சிட்ட வாரத்தையும் வருடத்தையும் பாருங்கள். மூன்று மாதம் தாண்டியதை வாங்க வேண்டாம்.

1998ல் என் மேஸ்திரி, "பூச்சுக்கு 53 வேணாம் சார், சாதாரணமே போதும்" என்றார். நான் கேட்கவில்லை. பள்ளிக்கூட வேலையில் தண்ணீர் ஊற்றுவதையும் சரியாகக் கவனிக்கவில்லை. கோடையில் சுவரெல்லாம் மயிரிழை விரிசல். அவரைத்தான் எல்லார் முன்னாலும் திட்டினேன், கடைசிக் கூலியிலும் பிடித்துக்கொண்டேன். தப்பு என்னுடையது என்று புரிய வருடங்கள் ஆயின. போன மாதம் அவர் வீட்டுக்குப் போய்ப் பிடித்த பணத்தைக் கொடுத்தேன். "அதை எப்பவோ மறந்துட்டேன் சார்" என்றார். நான் மறக்கவில்லை.

நீங்கள் மூட்டையில் இருக்கும் எண்ணைப் பார்ப்பதற்கு முன், மேஸ்திரி சொல்வதைக் கேளுங்கள்.