இரு வலைகளுக்கு நடுவே நின்ற கணினி

இல்லமொன்றிற்கு முன்வாயிலும் பின்வாயிலும் உண்டெனின், அது பொதுவழி ஆகிவிடுமா? ஆகாது என்பது எவர்க்கும் தெளிவு. எனினும், கணினி வலையமைப்பின் வரலாற்றில் இவ்வெளிய வினாவுக்குத் திட்டமான விடை 1989 ஆம் ஆண்டிலேயே எழுதப்பட்டது. அவ்விடை பிறந்தவாற்றை ஈண்டு ஆராய்வாம்.

ஒரு சேவையகத்தில் இரண்டு வலையமைப்பு அட்டைகள் பொருத்தப்படின், அஃது ஒரே வேளையில் இரு வலையமைப்புகளின் உறுப்பாகிறது. ஒரு நிலையத்தின் கணக்கலுவலகக் கணினிகள் ஒருபாலும், மாணவர் கணினிகள் மறுபாலும் இருப்பதாகக் கொள்வோம். நடுவே நிற்கும் சேவையகம் இருபாலார்க்கும் கோப்புகளை வழங்கலாம். ஆயின் மாணவர் பக்கத்துத் தரவுப்பொதி அதனை ஊடறுத்துக் கணக்கலுவலகத்தை அடைதல் கூடாது. சேவை செய்தல் வேறு, வழி விடுதல் வேறு என்பதே இதன் உட்கிடை.

இவ்வேறுபாடு தொடக்கத்தில் வலியுறுத்தப்படவில்லை. 1983 ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி அமெரிக்காவின் ஆர்ப்பாநெற் இன்றைய இணைய நெறிமுறைக்கு மாறியது. அக்காலத்து வலையமைப்பு ஆராய்ச்சியாளரின் சிறு சமுதாயம்; வந்த பொதியை அடுத்தவர்க்கு அனுப்பிவைத்தல் அங்கே நற்பண்பாகவே கொள்ளப்பட்டது. பேர்க்கிளிப் பல்கலைக்கழக யுனிக்சின் வழிவந்த தொகுதிகள் சில, தம்மிடம் இரண்டு இடைமுகங்கள் இருக்கக் கண்டவுடன் எவரும் ஏவாமலே வழிச்செலுத்தத் தொடங்கின. இதனால் பிழையான வழிகளிற் பொதிகள் அலைந்தன, வலையமைப்புகள் நெரிசலுற்றன. கேடு செய்தோர் பகைவரல்லர். கேளாமலே உதவ முற்பட்ட பொறிகளே.

1989 ஒக்டோபரில், றொபேட் பிறேடன் பதிப்பாசிரியராக அமைந்த 1122 ஆம் இலக்க இணைய ஆவணம் வெளிவந்தது. வழிச்செலுத்தும் ஆற்றல் ஒரு கணினியில் அமைந்திருப்பின் அதனை நிறுத்துதற்கு ஓர் ஆளி வேண்டும் என்றும், அவ்வாளி தொடக்கத்தில் மூடிய நிலையில் இருத்தல் வேண்டும் என்றும் அது விதித்தது. இடைமுகங்கள் பல என்பதொன்றே வழிவிடுதற்குக் காரணமாகாது என்றது. அதற்கு அது காட்டிய நியாயம் சிந்திக்கத்தக்கது: கணினியை நடத்துபவர்க்கு அப்பணியில் விருப்பம் இல்லாதிருக்கலாம், தகுதியும் இல்லாதிருக்கலாம். எனவே வழிவிடுதல் ஒருவர் அறிந்து ஏற்கும் பொறுப்பாயிற்று.

இதற்கிடையில் பாதுகாப்பு என்னும் நோக்கும் வலுப்பெற்றது. 1988 நவம்பரில் மொறிசு புழு பல்லாயிரங் கணினிகளைத் தாக்கியதாக மதிப்பிடப்பட்டது. 1990 இல் வில்லியம் செசுவிக் எழுதிய கட்டுரை, ஏ.டி.அன்ட்.டி. நிறுவனத்தின் வாயிலை விளக்கிற்று. அங்கே புறத்தே நம்பத்தகாத கணினி ஒன்றும் அகத்தே நம்பத்தக்க கணினி ஒன்றும் தனியிணைப்பொன்றால் தொடர்புற்றன. நேரான பொதிப்போக்கு இல்லை. புறக்கணினி முற்றும் பிறர்வயப்படினும் அகவலை காக்கப்பட வேண்டும் என்பதே அமைப்பின் கருத்து.

ஆளியை மூடினால் எல்லாம் முடிந்ததா? இல்லை. லினக்சில் வழிச்செலுத்தும் அமைப்பு இயல்பாகச் சுழியமாகவே இருக்கும். ஆயினும் டொக்கர் போன்ற மென்பொருள்கள் தம் தேவைக்காக அதனை 1 ஆக்குவதுண்டு. அன்றியும், ஓர் அட்டைக்குரிய முகவரியை மற்றை அட்டையின் வழியாக நாடிவரும் பொதியையும் லினக்சு இயல்பாக ஏற்றுக்கொள்ளும். அப்பொதி சேவையகத்துக்கே உரியதாதலின் ஆளி அதனைத் தடுக்காது. அதற்குத் தீச்சுவர் விதி வேண்டும். இத்தகைய பொதியை ஏற்பதா மறுப்பதா என்பதை 1122 ஆம் ஆவணம் முடிவுகூறாது விட்டது; வின்டோசு விசுற்றாவிலிருந்து மைக்குரோசொப்டு மறுக்கும் நெறியை இயல்பாக்கியது.

ஆகவே இரண்டு அட்டைகளைப் பொருத்துவோர், வழி அடைபட்டுள்ளது என்று நம்புவதோடு அமையாது, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் பொதி விடுத்துச் சோதித்தறிதல் கடன். கதவு மூடியுள்ளதா என்பதை இல்லத்தார் கையால் தள்ளிப் பார்த்தே அறிவர்.