'இருக்கலாம்' என்ற ஒரு சொல்

1986இல் ஐபிஎம்மின் சூரிக் ஆய்வகத்தில் இருந்து பெட்னோர்ஸும் முல்லரும் எழுதிய கட்டுரையின் தலைப்பே 'இருக்கலாம்' என்ற தயக்கத்தோடுதான் தொடங்கியது. மின்தடையே இல்லாத மீக்கடத்தி, அதுவும் பீங்கான் போன்ற ஒரு பொருளில்! அதுவரை எட்டிய உச்சம் 23 கெல்வின். இவர்கள் சொன்னதோ 30ஐத் தாண்டியது. யார் நம்புவார்? ஆனால் ஆண்டு முடிவதற்குள் தோக்கியோவிலும் ஹூஸ்டனிலும் செய்து பார்த்தவர்களுக்கும் அதுவே கிடைத்தது. மின்தடை விழுந்தது மட்டுமல்ல, பொருள் காந்தப்புலத்தையும் வெளியே தள்ளியது. 1987இல் நோபல்.

2023 ஜூலையில் தென்கொரியாவிலிருந்து எல்கே-99 வந்தது. அறை வெப்பத்திலேயே மீக்கடத்தியாம். காந்தத்தின்மேல் அரைகுறையாக மிதந்த கல்லின் காணொளியை ஊரே பகிர்ந்தது. ஈயம், செம்பு, பாஸ்பரஸ் என எளிய சரக்குதான்; பல நாட்டு ஆய்வகங்கள் சுட்டுப் பார்த்தன. சில வாரங்களிலேயே குட்டு உடைஞ்சுபோச்சு: மின்தடை சட்டென்று சரிந்தது, கலந்திருந்த செப்பு சல்பைடால். ஜெர்மனியில் வளர்த்த தூய படிகம் மின்சாரத்தைக் கடத்தவே இல்லை.

முதல் நாளில் இரண்டுமே நம்ப முடியாத செய்திகள்தான். வியப்பை வைத்து எதையும் பிரித்தறிய முடியாது. அடுத்த செய்தி வரும்போது ஒன்று கேளுங்கள்: சொன்னவரைத் தவிர வேறு யாராவது செய்தும் அது வந்ததா?