கற்றல் குறைபாடுள்ள சிறுமியரின் மனநலச் சிக்கல்கள்

போதிய அறிவுத்திறனும் ஒழுங்கான பள்ளிப்படிப்பும் இருந்தும், வாசிப்பிலோ எழுத்திலோ கணக்கிலோ ஒரு குழந்தை விடாமல் தடுமாறுவது கற்றல் குறைபாடு எனப்படும். இது மூளை வளர்ச்சியோடு தொடர்புடையது. சோம்பலுக்கும் வளர்ப்பு முறைக்கும் இதில் பங்கில்லை. வாசிப்புக் குறைபாடான டிஸ்லெக்சியாவே இவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது.

இது ஆண்பிள்ளைகளின் குறை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் சாலி ஷேவிட்ஸ் குழுவினர் செய்து 1990இல் வெளியிட்ட ஆய்வு அதைக் கேள்விக்குள்ளாக்கியது. இரண்டாம் வகுப்பில் பள்ளிகள் அடையாளம் கண்டவர்கள் சிறுவரில் 13.6 விழுக்காடு, சிறுமியரில் 3.2 விழுக்காடு. ஆய்வாளர்களே எல்லாரையும் சோதித்தபோது கிடைத்ததோ சிறுவரில் 8.7, சிறுமியரில் 6.9 விழுக்காடு. விடுபட்டவர்கள் பெரும்பாலும் சிறுமியரே.

வகுப்பில் அமளி செய்யும் சிறுவன் ஆசிரியர் கண்ணில் உடனே படுகிறான். சிறுமியரிடம் சிக்கல் உள்முகமாகத் திரும்புவதே அதிகம்: பதற்றம், மனச்சோர்வு, ஒதுங்கியிருத்தல், தன்னைத்தானே மட்டம் தட்டிக்கொள்ளுதல். கரும்பலகையில் உள்ளதை முத்துமுத்தாக எழுதிக்கொள்ளும் சிறுமிக்கு, எழுதியதைப் படிக்கத் தெரியாமலிருக்கலாம். பக்கத்துத் தோழி வாசிப்பதைக் காதில் வாங்கி, மனப்பாடமாக ஒப்பித்துவிடுவாள். சொல்வதெழுதுதல் தேர்வன்று காலையில் மட்டும் வயிறு வலிக்கும். அந்த வலி நடிப்பல்ல. அச்சம் உடலில் வெளிப்படும் விதம் அது. பள்ளியில் நாளெல்லாம் அடக்கி வைத்தது வீட்டில் அழுகையாகவும் எரிச்சலாகவும் வெடிப்பதும் உண்டு. "நல்ல பிள்ளை, படிப்புதான் வரவில்லை" என்ற பேச்சு அன்பாகவே சொல்லப்பட்டாலும் சோதனைக்கான வழியை அடைத்துவிடுகிறது.

பருவமடையும் வயதில் சுமை கூடுகிறது. பாடம் கடினமாகிறது, தோழியர் கேலி ஆழமாகத் தைக்கிறது. கவனக்குறைவுக் கோளாறும் சேர்ந்திருந்தால் அதுவும் துள்ளலாக அல்லாமல் பகற்கனவாகத் தோன்றி, கவனிக்கப்படாமலே போகலாம்.

ஒலிகளையும் எழுத்துகளையும் படிப்படியாக இணைத்துக் கற்பிக்கும் சிறப்புப் பயிற்சி வாசிப்பை மேம்படுத்தும். பதற்றத்துக்கு உளவியல் ஆலோசனை தனியே தேவை. ஒன்றை மட்டும் கவனித்து மற்றதை விடுவது போதாது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டை 21 இயலாமைகளுள் ஒன்றாக ஏற்றுள்ளது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளுக்குச் சான்றிதழ் வேண்டும். சோதனைக்கே அனுப்பப்படாத சிறுமிக்கு அது கிடைப்பதில்லை.