மல்லிகை நடந்த வழி

1966 ஓகஸ்டில், யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் இருந்த ஒரு சலூனில் பிறந்தது ‘மல்லிகை’. அதன் ஆசிரியர் டொமினிக் ஜீவா அங்கே முடிவெட்டிக்கொண்டே இதழையும் நடத்தினார். சாதி சொல்லி அவமதிக்கப்பட்டுப் பள்ளிப் படிப்பைச் சிறுவயதிலேயே விட்டவர். ‘தண்ணீரும் கண்ணீரும்’ சிறுகதைத் தொகுதிக்கு இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசு வாங்கியவரும் அவரே.

அந்நாளில் நம் கடைகளில் தொங்கியவை தமிழகத்து வண்ண இதழ்கள். விகடனும் குமுதமும் வந்து இறங்க, உள்ளூர்ச் சஞ்சிகைகள் பல ஓரிரு வருடங்களில் மூச்சடங்கின. 1970களில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதால் கிடைத்த கொஞ்ச இடமும் 1977இன் திறந்த பொருளாதாரத்தோடு பறிபோனது. மல்லிகை அதற்கும் தாக்குப்பிடித்தது. காரணம் அதன் அட்டை என்பேன். மற்ற இதழ்கள் நடிகை முகம் போட்ட இடத்தில் ஜீவா நம் எழுத்தாளர் முகத்தைப் போட்டார். உள்ளே அவரைப் பற்றி இன்னொருவர் எழுதுவார். ஊரில் யாரும் பொருட்படுத்தாத ஒரு கதைஞருக்கு அந்த ஒரு மாதம் எவ்வளவு பெரியது! நீர்கொழும்புக்கும், தெற்கே திக்குவல்லைக்கும்கூட சிறப்பிதழ் போட்டார். சிங்களக் கதைகளும் தமிழாகி வந்தன.

விற்பனையும் அவர் கால்களில்தான் இருந்தது. பையில் பிரதிகளோடு நடப்பார், சந்திப்பவரிடம் கொடுத்துக் காசு வாங்குவார், அங்கேயே அடுத்த இதழுக்குக் கதையும் கேட்பார். இதைவிடச் சிறந்த ஆசிரியர் கூட்டம் எந்தக் கந்தோரிலும் நடந்திருக்காது.

போரில் கடதாசி கிடைக்காமல் போனது. 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பின் மல்லிகை கொழும்பு ஸ்ரீ கதிரேசன் வீதிக்கு வந்தது. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வத்தளையிலும் வடக்கிலிருந்து வந்த குடும்பங்கள் பெருகியிருந்த காலம் அது. வாசகர்கள் அருகில் இருந்தார்கள். ஆனால் ஆசிரியருக்கு எழுபது தாண்டிக்கொண்டிருந்தது. ஆசிரியர், விநியோகஸ்தர், சந்தா வசூலிப்பவர் எல்லாம் ஒரே மனிதராக இருந்த இதழை வேறொருவர் கையில் கொடுக்க வழியில்லை. 2012இல், நானூறு இதழ்களைக் கடந்த நிலையில், அது நின்றது. ஜீவா 2021 ஜனவரியில் கொழும்பில் காலமானார்.

பழைய மல்லிகைகளை இப்போது நூலகம் இணையத்தளத்தில் படிக்கலாம். ஈழத்து எழுத்தாளர் ஒருவரைப் பற்றி அறிய வருபவருக்கு நான் முதலில் காட்டுவது அந்த அட்டைப்படக் கட்டுரைகளைத்தான்.